பெயரும் பேரும்: ஊவாப் பெருந்தோட்டக் கணக்கேடுகளின் வகைப்பாட்டுப் பிழைகள்

வரலாற்று மாணவர் கல்வெட்டொன்றை ஆராயும்போது அதன் எழுத்தமைதியை நோக்குவர்; ஏட்டுச் சுவடியை ஆராயும்போது பாடபேதங்களை ஒப்புநோக்குவர். ஆனால் அச்சிடப்பட்ட புள்ளிவிபர அட்டவணையொன்று முன்வைக்கப்பட்டதும் அவருள் பலர் ஐயுறவை ஒதுக்கிவைத்து விடுகின்றனர். எண் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம் எனலாம். எண்ணும் ஒரு சான்றே. அதனை ஆக்கியோர் உளர். அது ஆக்கப்பட்டமைக்கு நோக்கம் உண்டு. அது வார்க்கப்பட்ட அச்சொன்றும் உண்டு. அந்த அச்சினை ஆராயாது எண்ணை மட்டும் எடுத்தாளுதல், பாடபேதம் நோக்காது செய்யுளுக்கு உரை வகுப்பதை ஒக்கும்.

அறிக்கையொன்றிற் பிழை நேரும் வழிகள் மூன்று. கூட்டல் கழித்தலில் நேரும் பிழை ஒன்று. பதிவிற் கைதவறி நேரும் பிழை மற்றொன்று. இவ்விரண்டும் மீளச் சரிபார்த்தாற் புலப்பட்டுவிடும். மூன்றாவது அமைப்புப் பிழையாகும். எதனை ஓர் அலகாகக் கொள்வது, யாரை எந்தப் பத்தியில் இடுவது, ஓர் அட்டவணையை மற்றொன்றுடன் எதனைக் கொண்டு இணைப்பது என்பவற்றில் அது உறைந்து கிடக்கும். கூட்டல் முற்றும் சரியாக இருக்கும். ஒவ்வொரு பதிவும் உண்மையாக இருக்கும். ஆயினும் முடிவு பிழைத்துப் போகும்.

இக்காலத்தில் வணிக நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் கணினி அறிக்கை மென்பொருள்களைக் கொண்டு தம் கணக்குகளைத் தொகுக்கின்றன. பல அட்டவணைகளைப் பொது அடையாளமொன்றினால் இணைத்து வினவும் முறையினை 1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளரான எட்கர் கோட் வகுத்தளித்தார். இன்றைய அறிக்கை மென்பொருள்கள் பல அம்முறையின் வழிவந்தவையே. அவற்றைக் கையாள்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் மேற்கூறிய மூன்றாம் வகைப் பிழையாகும். குடும்பத்துக்கு ஒரு வரியாக எழுதப்பட்ட அட்டவணையை ஆளுக்கு ஒரு வரியாக எழுதப்பட்ட அட்டவணையோடு இணைத்தால், ஒரு குடும்பத்தின் கடன் அதன் உறுப்பினர் தொகைக்கேற்பப் பன்மடங்காகிவிடும். எந்திரம் பிழைவிடவில்லை, மாதிரியமைப்பே பிழைத்தது. இத்தகைய பிழைகள் கணினியோடு பிறந்தவையல்ல. பதுளை மாவட்டத்தையும் ஊவா மாகாணத்தையும் சார்ந்த பெருந்தோட்ட மக்களின் வரலாற்றில் அவை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து வந்துள்ளன. அவற்றுட் சிலவற்றை எடுத்துக்காட்டி, அவற்றால் விளைந்த பயனையும் அவற்றைக் கண்டறியும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகினால் நேர்ந்த பிழை

தோட்டத்துச் செக்ரோலில் 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. அது ஆளைக் குறிப்பதன்று. ஒரு நாள் வேலையைக் குறிப்பது. குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு 'முழுப்பேர்' விழும். அவ்வளவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' போடப்படும். இருபது நாள் வேலை செய்த ஒருவர் கணக்கில் இருபது பேராவார். மலை முழுவதும் ஒரு மாதத்தில் ஆயிரம் பேர் எனின், அங்கு ஆயிரவர் வேலை செய்தனர் என்று கொள்ளுதல் பெருந்தவறாகும். தோட்டத்தில் வாழ்வோர்க்கு இது வெள்ளிடைமலை. ஆனால் செக்ரோலைக் காணாது, அதிலிருந்து திரட்டிய ஆண்டறிக்கையை மட்டும் காண்பவருக்கு ஆளும் ஆள்நாளும் ஒன்றாகவே தோன்றும்.

இதே மயக்கம் கோப்பிக் காலத்துக் குடிவரவுக் கணக்குகளில் மேலும் பாரதூரமான வடிவில் நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் பலர் தம் ஊர் மீண்டனர். வந்தோர் தொகையெனப் பதியப்பட்டது வருகைகளின் தொகையே. ஒருவரே ஐந்து பருவம் வந்திருப்பின் ஐந்தாக எண்ணப்பட்டார். இவ்வருகைகளை ஆண்டாண்டாகக் கூட்டி, அத்தனை பேர் இலங்கையிற் குடியேறினர் என்று கூறுவோர் ஓராளைப் பல ஆளாக்கி விடுகின்றனர்.

எதிர்மறையான பிழையும் இங்குண்டு. வந்தோர் தொகையிலிருந்து மீண்டோர் தொகையைக் கழித்தால் எஞ்சுவோர் யாவர்? இங்கே தங்கிவிட்டோர், பதிவாகாத வழியில் மீண்டோர், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் காட்டுவழியிலும் தோட்டங்களிலும் கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டோர் ஆகிய மூவகையினரும் அந்த ஒரே எண்ணுள் அடங்குவர். மாண்டோர்க்கெனத் தனிப் பத்தி வகுக்கப்படாமையால், இறப்பும் குடியேற்றமும் ஒரே எச்சத்தில் கலந்தன. தோட்ட உரிமையாளரைச் சாடுவோர் அவ்வெச்சம் முழுவதையும் இறப்பெனக் கொள்ளவும், அவர்க்குச் சார்பானோர் அதனைக் குடியேற்றமென மொழியவும் இவ்வமைப்பு இடமளித்தது. எண்ணுவதற்குரிய பத்தி இல்லாதபோது மனித மரணமும் விவாதப் பொருளாகி விடுகின்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

கங்காணிமாரின் கடன்கணக்கும் இவ்வகையினதே. முற்பணம் பெரிய கங்காணியின் பெயரில் ஒட்டுமொத்தமாக எழுதப்பட்டது. தனித்தொழிலாளி ஒருவரின் பங்கு எவ்வளவு என்பதைத் தோட்டத்துப் பேரேடு காட்டவில்லை. கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' 1921 ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தொகுதிக்கு எழுதிய கடன் ஒவ்வொருவர் காலிலும் விலங்காக இருந்தது. தொகுதியின் கணக்கைத் தனியாளின் கணக்காக மாற்ற வழியில்லாத ஏட்டில், தனியாள் தன் கடன் தீர்ந்ததை நிறுவுவது எங்ஙனம்?

மொத்தம் மறைத்த நோய்

ஊவாவுக்கே உரிய மற்றோர் எடுத்துக்காட்டையும் இங்கு நோக்கலாம். கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869 ஆம் ஆண்டில் மடூல்சீமைப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. அதன்பின்னரும் பல ஆண்டுகள் கோப்பித் தொழில் செழித்திருப்பதாகவே கணக்குகள் காட்டின. உலகச் சந்தையில் விலை உயர்ந்தது; புதிய காணிகள் மேன்மேலும் பயிரிடப்பட்டன. ஏற்றுமதி வருமானம், பயிரிட்ட பரப்பு ஆகிய மொத்தங்களை நோக்கியோர் கவலையற்றிருந்தனர். ஏக்கரொன்றுக்குரிய விளைச்சலை நோக்கியவருக்கே வீழ்ச்சி புலப்பட்டது. மொத்தம் வளரும்போதே அதன் அடிப்படை அழிந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1880 களில் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தபோது, அவ்வீழ்ச்சியின் சுமையைச் சம்பளம் பெறாது நின்ற தொழிலாளரும் தாங்கினர்.

வகையினால் நேர்ந்த பிழை

இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பு 1871 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. 1901 ஆம் ஆண்டு மதிப்பினைப் பொன்னம்பலம் அருணாசலம் நடாத்தினார். அதுவரை இனவாரி அட்டவணையிலே தமிழர் என்னும் ஒரே வகையே இருந்தது. ஈ. பி. டென்ஹம் பொறுப்பில் 1911 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மதிப்பிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இருவகை வகுக்கப்பட்டன. அவ்வாண்டில் முன்னையோர் ஏறத்தாழ 528,000 எனவும் பின்னையோர் 531,000 எனவும் கணிக்கப்பட்டனர். ஆகவே இவ்விரு தொகைகளையும் 1911 க்கு முந்திய ஆண்டுகளுக்கு நீட்டி எழுதும் அட்டவணைகள் யாவும் பிற்கால ஊகங்களே என்பதை மனத்திருத்த வேண்டும்.

அடுத்த மதிப்பு 1921 இல் நிகழ்ந்தது. பத்தாண்டுகளில் நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 4,106,000 இலிருந்து 4,499,000 ஆகப் பெருகியது. ஆயின் இலங்கைத் தமிழர் தொகை 528,000 இலிருந்து 517,000 ஆகக் குறைந்தது. இந்தியத் தமிழர் தொகை 603,000 ஆக உயர்ந்தது. இக்காலப்பகுதியில் இலங்கைத் தமிழர் பெருமளவில் நாடு நீங்கியதாகவோ, அவர்களை மட்டும் தாக்கிய பேரழிவு நிகழ்ந்ததாகவோ வரலாறு இல்லை. ஒரு பத்தி காரணமின்றிக் குறையவும் அண்டைப் பத்தி உயரவும் காண்போமாயின், மனிதர் இடம்பெயர்ந்தனரா அன்றி வகையின் எல்லைக்கோடு இடம்பெயர்ந்ததா என்று வினவுதல் ஆய்வாளர் கடனாகும்.

இதற்கு நேரெதிரான மாற்றம் 1971 க்கும் 1981 க்கும் இடையே நிகழ்ந்தது. இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 1,424,000 இலிருந்து 1,887,000 ஆயினர். அஃதாவது 32 சதவீதத்துக்கு மேலான பெருக்கம். இதே பத்தாண்டில் சிங்கள மக்களின் பெருக்கம் ஏறத்தாழ 20 சதவீதமே. இலங்கைத் தமிழரும் அவ்வீதத்திற் பெருகியிருப்பின் 1981 இல் அவர்தம் தொகை 1,712,000 அளவில் இருந்திருக்கும். மிகுதியாகக் காணப்படுவோர் ஏறக்குறைய 175,000 பேர். மறுபுறம் இந்தியத் தமிழர் 1,175,000 இலிருந்து 819,000 ஆகக் குறைந்தனர். இக்குறைவின் பெரும்பகுதி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரால் நேர்ந்தது. எனினும் அனுப்பப்பட்டோர் எவரும் இலங்கைத் தமிழர் பத்தியில் தோன்ற இயலாது. அங்கே மிகுந்து நிற்போரிற் பலர் நாட்டை விட்டு நீங்காமல் பத்தியை மட்டும் விட்டு நீங்கியவர் என்று கொள்வதே பொருத்தமாகும்.

ஏன் அவ்வாறு நீங்கினர்? கேள்வியின் சொல்லமைப்பே முதற்காரணம். இனத்தைக் குறிக்கும் பத்திக்கு நாட்டின் பெயரை அடைமொழியாக வைத்தமையால், அது பிரசாவுரிமையைக் கேட்பதாகவே மக்களுக்குப் பட்டது. இலங்கைப் பிரசையாகப் பதியப்பட்ட பசறைத் தொழிலாளி ஒருவர் தம்மை இலங்கைத் தமிழர் என்று கூறுவதில் முரண்பாடு யாதுமில்லை. இரண்டாவது காரணம் அச்சம். 1977 ஆம் ஆண்டு வன்செயல்களைக் கண்டவர்க்கும், நாடுகடத்தற் பட்டியலிற் பெயர் சேர்ந்துவிடுமோ எனக் கலங்கியவர்க்கும், 'இந்திய' என்னும் அடைமொழி வெறும் புள்ளிவிபரச் சொல்லாக இருந்திருக்க முடியாது. வகைப் பெயரே விடையை மாற்றிவிடுமாயின், பெறப்படும் தொகை மக்களை அளப்பதோடு அவர்தம் அச்சத்தையும் சேர்த்தே அளக்கின்றது.

இணைப்பினால் நேர்ந்த பிழை

1946 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, மாகாணமொன்றின் மக்கட்டொகையில் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினரும், நிலப்பரப்பில் 1,000 சதுர மைலுக்கு ஓர் உறுப்பினருமாகப் பாராளுமன்ற ஆசனங்கள் பங்கிடப்பட்டன. மக்கட்டொகை என்பதனுள் தோட்டத் தொழிலாளர் அனைவரும் அடங்கினர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த எழுவர் வெற்றி பெற்றனர். பதுளையிலிருந்து தெரிவான எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர்.

அதன் பின்னர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கின. ஆனால் ஆசனங்களைப் பங்கிட்ட தலைக்கணக்கில் அவர்கள் அப்படியே எஞ்சினர். ஒரு பத்தியில் ஆளாகவும் மற்றொரு பத்தியில் இல்லாதவராகவும் அவர்கள் நின்றனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் எஞ்சிய தேருநரின் வாக்கு, நாட்டின் ஏனைய பகுதிகளில் வாழ்ந்தோரின் வாக்கிலும் எடை கூடியதாயிற்று. ஏனெனில் வாக்கற்றோர் தலைக்குக் கிடைத்த ஆசனத்தையும் வாக்குள்ளோரே நிரப்பினர். காங்கிரசு உறுப்பினர் ஒருவரேனும் அத்தேர்தலின் வழியே பாராளுமன்றம் புகவில்லை. ஆசனக் கணக்கின் பகுதியும் வாக்குக் கணக்கின் தொகுதியும் ஒரே மக்களைக் குறிக்காதபோது பங்கீடு எத்துணைக் கோணலாகும் என்பதற்கு மலைநாட்டுத் தேர்தல் வரலாறு நிலையான சான்றாகும்.

அடையாளத்தினால் நேர்ந்த பிழை

இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமாகும். மணமானோர் 1946 சனவரி 1 ஆம் நாளுக்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வதிந்தமையை நிறுவ வேண்டுமென அது விதித்தது. தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்த காங்கிரசு பின்னர் நிலைப்பாட்டை மாற்றியது. 1951 ஆகத்து 5 ஆம் நாளுக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை 825,000 பேரை உள்ளடக்கியிருந்தன. இறுதியிற் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

இங்கு விண்ணப்பம் ஓர் அலகு, ஆள் மற்றோர் அலகு என்பதை முதலில் நோக்குக. ஒரு குடும்பத் தலைவரின் விண்ணப்பம் தள்ளப்பட்டால் அதனுள் அடங்கிய மனைவியும் மக்களும் சேர்ந்தே தள்ளப்பட்டனர். விண்ணப்பத் தொகையை வைத்து எத்தனை மனிதர் உரிமை இழந்தனர் என்று அறிய முயல்வோர் இதனை மறக்கலாகாது.

இதனினும் ஆழமான இடர்ப்பாடு அடையாளம் பற்றியது. ஒருவரின் வதிவை நிறுவுதற்குச் செக்ரோல், பிறப்புப் பதிவு, பங்கீட்டுப் புத்தகம் எனப் பல ஏடுகளை ஒன்றோடொன்று பொருத்த வேண்டியிருந்தது. அவற்றை இணைக்க இருந்த ஒரே கயிறு பெயர். தோட்டத்தில் ஒரே லயத்தில் மூன்று இராமசாமிகள் இருக்கலாம். கணக்கப்பிள்ளை ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒருவாறும், பிறப்புப் பதிவில் எழுதப்பட்டது வேறொருவாறும் அமையும். வீட்டில் வழங்கும் பெயர் செக்ரோலில் ஏறும். சாதகப் பெயர் பிறிதோர் ஏட்டில் இருக்கும். பெண்கள் ஓர் ஏட்டில் தந்தை பெயரோடும் மற்றோர் ஏட்டில் கணவர் பெயரோடும் காணப்படுவர். ஆவணங்கள் பொருந்தவில்லை எனின் ஆள் பொய் என்று முடிவு செய்யப்பட்டது. பொருந்தாமைக்குக் காரணம் ஏடுகளை எழுதிய முறை. அதன் தண்டனையை அனுபவித்தவர் ஏட்டைத் தொட்டும் அறியாதவர்.

ஒத்த எண்ணும் வேறு பொருளும்

1953 ஆம் ஆண்டு மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 974,000 எனக் காணப்படுகின்றது. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, நாடற்றோரை 975,000 என மதித்தது. இவ்விரு எண்களின் ஒப்புமையைக் கண்டு, முன்னது பின்னதாக எடுத்தாளப்பட்டது எனக் கருதும் மாணவரும் உளர். இரண்டும் எண்ணுவன வெவ்வேறு. முன்னது இனவகை, அதனுள் பிரசாவுரிமை பெற்றோரும் அடங்குவர். பின்னது சட்டநிலை, அந்நிலையிலுள்ளோரை மட்டுமே அது குறிக்கும். 1963 ஆம் ஆண்டு மதிப்பின் இந்தியத் தமிழர் தொகையான 1,123,000 இலிருந்து முற்கூறிய 134,000 பேரைக் கழிப்பின் 989,000 எஞ்சும். உடன்படிக்கை எண்ணுக்குரிய நேர்வழி ஒப்பீடு இதுவே. எண்கள் ஒத்திருப்பது பொருள்கள் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது.

அவ்வுடன்படிக்கையில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் நிலை பிற்போடப்பட்டு 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. தொகை முதலில் முடிவாயிற்று. ஆட்கள் பின்னர் தேடப்பட்டனர். இலங்கைப் பிரசாவுரிமை நாடி விண்ணப்பித்தோர் ஒதுக்கப்பட்ட தொகையிலும் பெரிதும் மிகுந்தனர். மேலும், 7 பேர் இந்தியக் குடிகளாவதற்கு 4 பேர் இலங்கைப் பிரசைகளாவர் என்ற விகிதம் நடைமுறைக்கு வந்தது. அப்புத்தளையில் இருந்தவரின் உரிமை, தாம் அறியாத வேறு எழுவரின் விதியோடு முடிச்சிடப்பட்டது. தம்முள் யாதொரு தொடர்புமற்ற வரிகளை ஒன்றையொன்று சார்ந்து நிற்கச் செய்த அட்டவணை இது எனலாம். மொத்தம் சரியாக வரவேண்டும் என்பதற்காக உறவினர் பிரிந்தனர். ஒரே குடும்பத்தில் ஒருவர் மண்டபம் சென்றார், மற்றவர் மலையில் எஞ்சினார்.

எல்லையினால் நேர்ந்த பிழை

பதுளை மாவட்டத்தின் 1953 ஆம் ஆண்டுத் தொகையை 1963 ஆம் ஆண்டுத் தொகையோடு நேரடியாக ஒப்பிடுவோர் மற்றொரு வலையில் வீழ்வர். 1959 இல் மொனராகலை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் பதுளை மாவட்டமென்பது ஊவா மாகாணம் முழுவதையும் அடக்கியது. வெல்லச, புத்தள முதலான தாழ்நிலக் கிராமப் பகுதிகள் நீங்கியதும், எஞ்சிய மாவட்டத்திலே தோட்டமக்களின் விகிதம் தானாகவே உயர்ந்து தோன்றும். எவரும் பெயராமலே விகிதம் பெயர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறாமையாலேயே இப்பிழை எளிதில் மறைந்திருக்கின்றது.

தோட்டத்துறை என்னும் எல்லையும் இவ்வாறே மயக்கம் தருவது. 20 ஏக்கருக்கு மேற்பட்டதும் வதிவுத் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாது வாழ்வதுமான பெருந்தோட்டமே குடிசன மதிப்பில் தோட்டத்துறையாகக் கொள்ளப்பட்டது. 2012 ஆம் ஆண்டில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 4.4 சதவீதத்தினர் தோட்டத்துறையில் வாழ்ந்தனர். இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 4.1 சதவீதத்தினர். முன்னர்க் கண்ட ஒப்புமை மீண்டும் இங்கே தலைகாட்டுகின்றது. தோட்டத்தில் வாழும் சிங்களவர், முஸ்லிம்கள், இலங்கைத் தமிழர் எனப் பதிந்தோர் ஆகியோர் முதலாவதில் உளர், இரண்டாவதில் இலர். பதுளை, பண்டாரவளை நகரங்களிலும் கொழும்பிலும் வாழும் மலையகத் தமிழர் இரண்டாவதில் உளர், முதலாவதில் இலர். ஒன்றின் வறுமை வீதத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றி எழுதப்படும் அறிக்கைகள், நகர்ப்புறத்து ஏழை மலையகத் தமிழரைக் காணாமலாக்கி விடுகின்றன.

பிழை களையும் முறை

இவ்வாறு திரண்ட பிழைகளைத் திருத்திய நிகழ்ச்சியும் உண்டு. 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பிரச்சினையை ஓரளவு தீர்த்தன. அதன் பின்னரும் எஞ்சியோர்க்காக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய வம்சாவளியினரான ஒருவர் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவரா, அன்றி அத்தகையோரின் வழித்தோன்றலா என்பதே அதன் அடிப்படை வினா. ஒதுக்கீட்டு எண் இல்லை, விகிதம் இல்லை. விண்ணப்பக் கட்டுகளுக்குப் பதிலாக எளிய உறுதிமொழிப் பத்திரம் அமைந்தது. அவ்வாண்டு திசம்பரில் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையத்தின் துணையோடு நடைபெற்ற சில நாள் இயக்கத்திலேயே ஏறத்தாழ 190,000 பேர் பிரசைகளாயினர். அரை நூற்றாண்டு எழுத்துவேலை தீர்க்காததனைக் கேள்வியின் அமைப்பை மாற்றியமை தீர்த்தது. அமைப்புப் பிழைக்கு மருந்து அமைப்பிலேயே உண்டு. மீண்டும் மீண்டும் கூட்டிப் பார்ப்பதில் இல்லை.

ஆயினும் பணி முற்றுப்பெறவில்லை என்பதை 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியாபெத்தத் தோட்டத்தில் நேர்ந்த மண்சரிவு உணர்த்தியது. காலை வேளையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பது பற்றி முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்ட எண்கள் வெளிவந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் என முதலிற் கூறப்பட்ட தொகை பின்னர்ப் பெரிதும் குறைக்கப்பட்டது. தோட்டத்திற் பதியப்பட்டோர், லயத்தில் வதிவோர், அன்று காலை லயத்தில் இருந்தோர் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தொகைகள். வேலைக்கும் பாடசாலைக்கும் புறப்பட்டோரைப் பதியப்பட்டோரிலிருந்து பிரித்தறிந்தால் அன்றி மண்ணின்கீழ் உள்ளோர் யாரெனக் கூற இயலாது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் கோப்பிக் காட்டுவழியில் மாண்டோரை எண்ணப் பத்தியில்லாதிருந்தமையை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும்.

ஆகவே, பெருந்தோட்ட வரலாறு பற்றிய எந்த எண்ணையும் எடுத்தாளுமுன் மாணவர் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். எண்ணப்பட்டது ஆளா, வருகையா, விண்ணப்பமா, ஆள்நாளா? வகையை வகுத்தவர் யார், அதனுள் தம்மை இட்டுக்கொண்டவர் யார்? ஒப்பிடப்படும் இரு எண்களும் ஒரே எல்லையையும் ஒரே மக்களையும் குறிக்கின்றனவா? பகுத்துக் காட்டப்படும் மொத்தத்திலிருந்து ஒரு தோட்டத்தின் ஒரு லயம் வரை திரும்பிச் செல்ல வழியுண்டா? கணினியிற் பிறக்கும் இன்றைய அறிக்கைக்கும் இதே வினாக்கள் பொருந்தும். விடை கிடைக்கும் வரை எண்ணைச் சான்றாகக் கொள்ளலாகாது.

செக்ரோலில் 'பேர்' விழாதவர் அன்றைய கூலியை இழந்தார். தேருநர் இடாப்பிலும் பிரசாவுரிமைப் பதிவேட்டிலும் பெயர் விழாதவர் நாட்டையே இழந்தார். ஊவா மலைகளில் பெயர் எழுதும் பேனை எத்தகைய கனமுடையதாக இருந்தது என்பதை, அட்டவணைகளை ஆராயும் வரலாற்று மாணவர் ஒருபோதும் மறத்தல் ஆகாது.